செல்லோதான் என்று முடிவான பிறகு: கன்சர்வேட்டரியா, பல்கலைக்கழகமா, நேரே மேடையா?

செல்லோ என்பது உட்கார்ந்துகொண்டு வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி. அதைக் கற்கும் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழு வயதில் ஒரு கட்டம் வரும். கான்செர்ட்டோ என்றால் பெரிய வாத்தியக் குழுவோடு தனிக்கலைஞர் வாசிக்கும் நீண்ட உருப்படி. ஹைடனின் சி மேஜர் கான்செர்ட்டோவும் சான்-சான்ஸின் முதல் கான்செர்ட்டோவும் கைக்கு வந்திருக்கும். பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய ஆறு சூட்களில் (பல பகுதிகள் கொண்ட தொகுப்புகளில்) இரண்டு மூன்று மனப்பாடம் ஆகியிருக்கும். பாப்பரின் நாற்பது பயிற்சிகளில் பாதியைத் தாண்டியிருப்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் இந்தப் பிள்ளை பெரிய ஆளாக வரும் என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். வீட்டில் பேச்சு ஆரம்பிப்பது அப்போதுதான். அடுத்த ஏழெட்டு வருடங்களை எங்கே, யாரிடம், எப்படிச் செலவிடுவது?

பார்வைக்கு மூன்று வழிகள் தெரியும். இசைக்கென்றே உள்ள கல்லூரியான கன்சர்வேட்டரியில் முழுநேரமாகச் சேர்வது ஒன்று. பல்கலைக்கழகத்தில் வேறு பாடம் எடுத்துக்கொண்டு கூடவே செல்லோவையும் தொடர்வது இன்னொன்று. படிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வருகிற கச்சேரிகளை ஒப்புக்கொண்டு மேடையிலேயே வளர்வது மூன்றாவது. கடைசியில் என்னவாக வாழப்போகிறோம், தனிக்கலைஞராகவா, ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவிலா, இரண்டு வயலினும் வயோலாவும் செல்லோவும் சேர்ந்த நால்வர் குழுவிலா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு முடிவதே இல்லை. பதினேழு வயதில் எடுக்க வேண்டியது முதல் முடிவு மட்டும்தான். இரண்டாவதற்குக் காலம் இருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் சுலபமாகக் கிடைத்து, பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத மூன்று விஷயங்கள் உண்டு. தினம் நான்கைந்து மணி நேரம் தொந்தரவில்லாத சாதகம். அவசரமில்லாமல் புது உருப்படிகளைக் கற்றுச் சேர்த்துவைக்கும் ஓய்வு. தவறை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய, தேர்ந்த ஒரு காது. இந்த மூன்றையும் எந்த வழி காப்பாற்றுகிறது என்று பார்த்தால் போதும். கல்லூரியின் பெயர், கட்டடம், விளம்பரத்தில் போட்டிருக்கும் பழைய மாணவர் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கன்சர்வேட்டரி

கன்சர்வேட்டரியில் நாள் முழுக்க இசைதான். முதன்மை ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை தனிப்பாடம். அதே ஆசிரியரின் மற்ற மாணவர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்க, நாம் வாசித்துக் காட்டும் கூட்டு வகுப்பு. ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை, சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசை, சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறையான ஹார்மனி, காதுப் பயிற்சி, இசை வரலாறு. மீதி நேரத்துக்குச் சாதக அறை.

இதில் வெளியாருக்குத் தெரியாத பெரிய லாபம் சக மாணவர்கள். டுவோர்ஷாக் கான்செர்ட்டோவின் முதல் பகுதியை ஒரே வருடத்தில் ஏழெட்டுப் பேர் வெவ்வேறு விதமாக வாசிப்பதைக் கேட்கிற காதுக்கு, வீட்டில் தனியே எத்தனை பதிவு கேட்டாலும் வராத தெளிவு வந்துவிடும். பிராம்ஸ் சொனாட்டாவைப் பழக வேண்டுமென்றால் பக்கத்து அறையில் பியானோ மாணவர் இருப்பார். புதிதாக எழுதியதை யாராவது வாசித்துக் காட்ட மாட்டார்களா என்று இசையமைப்பு மாணவர் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். பிற்காலத்தில் கச்சேரிக்குக் கூப்பிடப்போவது பெரும்பாலும் இந்த மாணவர்கள்தான். ஒரே குழுவில் வாசிப்பதும், ஓர் இடம் காலியானால் தகவல் சொல்வதும் அவர்கள்தான்.

ஆனால் கன்சர்வேட்டரியைத் தேர்ந்தெடுப்பது என்றால் நிஜத்தில் ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதுதான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். புகழ்பெற்ற ஆங்கிலேயச் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே பத்து வயதில் வில்லியம் ப்ளீத்திடம் வந்து சேர்ந்தார். ப்ளீத் நன்றாக வாசிக்கக்கூடியவர், சேம்பர் இசையில் ஊறியவர், ஆனால் உலகம் சுற்றும் நட்சத்திரம் அல்ல. அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது வாராவாரம் அங்கேயே இருந்த ஓர் ஆசிரியர். பிறகு அவர் செல்லோ மேதைகளான கசால்ஸிடமும் டோர்ட்டலியேயிடமும் மாஸ்கோவில் ரோஸ்ட்ரோபோவிச்சிடமும் கற்றார். அந்தப் பெரிய பெயர்களெல்லாம் அஸ்திவாரம் போட்டு முடித்த பிறகு வந்தவை.

அதனால் ஆசிரியரைப் பார்க்கும்போது புகழைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். வருடத்தில் பாதி நாள் சுற்றுப்பயணத்தில் இருப்பவரிடம் சேர்ந்தால், பாடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். நடுவில் உதவியாளர் பார்த்துக்கொள்வார். கை ஏற்கெனவே அமைந்துவிட்ட இருபத்துமூன்று வயதுக்காரருக்கு அது போதும். வில்லைப் பிடிப்பதில் இன்னும் திருத்தம் தேவைப்படும் பதினெட்டு வயதுக்கு அது ஆகாது. விண்ணப்பிக்கும் முன் அவரிடம் ஒரு பாடமாவது எடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும்போது அவர் கவனிப்பது உங்கள் ஒலியையா, தன் விரல் குறிப்புகளையா? ஒரு திருத்தத்தைச் சொல்லிவிட்டு அது நடக்கும்வரை காத்திருக்கிறாரா, அடுத்ததற்குத் தாவிவிடுகிறாரா? அவருடைய மாணவர்கள் நான்கைந்து பேரைக் கேளுங்கள். எல்லாரும் ஒரே குரலில் வாசித்தால் யோசிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் தயங்காமல் கேட்கலாம். நல்ல ஆசிரியர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் மொத்த மாணவர்களே ஏறக்குறைய 160 பேர்தான், செல்லோவுக்கு ஒரு வருடத்தில் ஒன்றிரண்டு இடம் திறந்தால் அதிகம். யேல் இசைப் பள்ளியிலும் கட்டணம் இல்லை, அது முக்கியமாக மேல்படிப்புக்கானது. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் சிறு பருவத்தொகை மட்டும்தான். பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். அதுவும் அமெரிக்கத் தனியார் கன்சர்வேட்டரிகளின் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது.

என் கருத்து இதுதான்: பெரிய கடனோடு பெரிய பெயர் உள்ள இடத்தில் படிப்பதைவிட, கடனில்லாமல் நடுத்தரப் பெயர் உள்ள இடத்தில் நல்ல ஆசிரியரிடம் படிப்பது மேல். கடன் மாதாமாதம் திருப்பிக் கேட்கும். அதைக் கட்டுவதற்காகக் கைக்கு வரும் வேலையையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். சாதகம் செய்ய வேண்டிய வருடங்கள் அப்படியே கரைந்துபோகும்.

கன்சர்வேட்டரியின் ஆபத்து உடம்புக்கும் உண்டு. பள்ளியில் இரண்டு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தவர், சேர்ந்த முதல் மாதமே ஆறு மணி நேரத்துக்குத் தாவுவார். பக்கத்து அறையில் இரவு பத்து மணிக்கும் யாரோ வாசித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? செல்லோவில் இடது கை தந்தியை அழுத்துவது மட்டுமில்லை, விரல்களை அகல விரித்து அகல விரித்துத் தாவவும் வேண்டும். மேல் ஸ்தாயியில் கட்டைவிரலே தந்தியின் மேல் வந்து உட்கார வேண்டும். முன்கைத் தசைநாண்களும், வில்லைப் பிடிக்கும் வலது கட்டைவிரலும், முதுகும்தான் முதலில் முறையிடும். நேரத்தை மெதுவாகக் கூட்டுவதும், முக்கால் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், வலி வந்தால் அன்றைக்கே நிறுத்துவதும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டிய பாடத்தில் பாதி. அசுர சாதகம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு உடம்பு தயாராக வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பல்கலைக்கழகம்

இந்தப் பேச்சு வந்தவுடன் எல்லாரும் உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் ஹார்வர்டில் படித்து 1976-இல் பட்டம் பெற்றார், உண்மைதான். இன்னொரு செல்லோ கலைஞரான அலிசா வைலர்ஸ்டைனும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஷ்ய வரலாறு படித்து 2004-இல் பட்டம் வாங்கியவர். இரண்டுமே அழகான உதாரணங்கள். ஆனால் அவற்றின் முன்பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யோ-யோ மா ஏழு வயதில் அமெரிக்க அதிபர் கென்னடியின் முன் வாசித்தவர். சிறு வயதிலேயே நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் லியோனார்ட் ரோஸிடம் சேர்ந்து, வருடக்கணக்கில் அடிப்படையைக் கட்டியவர். வைலர்ஸ்டைன் பதின்மூன்று வயதில் கிளீவ்லண்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு சாய்கோவ்ஸ்கியின் ரொக்கோகோ வேரியேஷன்ஸ் வாசித்தவர். கல்லூரி வாசலை மிதிக்கும்போதே இருவருக்கும் கை அமைந்துவிட்டது. பிறர் இருபத்திரண்டு வயதில் எட்டும் இடத்தை அவர்கள் பதினெட்டில் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே, கைத்திறன் முடிந்த நிலையில் இருந்து, வேறொரு துறையிலும் நிஜமான தாகம் இருப்பவருக்குப் பல்கலைக்கழகம் அருமையான வழி. இலக்கியமும் வரலாறும் அறிவியலும் படித்தவரின் வாசிப்பில் ஒரு விரிவு வரும் என்று நான் நம்புகிறேன். ஷோஸ்டகோவிச்சின் முதல் கான்செர்ட்டோவை வாசிக்க 1959-இன் சோவியத் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரிந்தவர் அந்த இரண்டாம் பகுதியை வேறு மாதிரி வாசிப்பார்.

சரி, கை இன்னும் அமையாதவர்கள்? "எதற்கும் ஒரு டிகிரி கையில் இருக்கட்டும்" என்பதற்காக மட்டும் அவர்களைப் பொறியியலிலோ பொருளாதாரத்திலோ சேர்த்துவிட்டு, சாயங்காலம் செல்லோ என்று ஏற்பாடு செய்தால், நான்கு வருடம் கழித்து இரண்டுமே அரைகுறையாக நிற்கும் ஆபத்து நிஜம். ஆய்வுக்கூடம் ஐந்து மணிக்கு முடியும். ஆறரைக்குக் களைத்த கையோடு செல்லோ. அதில் வேகப் பயிற்சி செய்யலாம், ஒலியைத் தேட முடியாது. இந்த ஏற்பாடு தவறு என்று சொல்லவில்லை. இசையை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டு, பிழைப்பை வேறு தொழிலில் தேடுபவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, இரட்டைப் பட்டம். ஹார்வர்டும் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியும் சேர்ந்து ஐந்து வருடத் திட்டம் நடத்துகின்றன. ஓபர்லினில் ஒரே வளாகத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம். கொலம்பியாவுக்கும் ஜூலியார்டுக்கும் இடையே ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியும் கூட்டுப் படிப்பு வைத்திருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது, பலருக்குக் கைகொடுத்தும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் தனித்தனியே நுழைவு பெற வேண்டும், இரண்டு இடத்திலும் தேர்வு எழுத வேண்டும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உடனே கன்சர்வேட்டரிக்கு மாறிவிடுவது நல்லது. சாதக அறையில் தூங்கி வழியும் ஒரு மணி நேரத்தைச் சாதகக் கணக்கில் எழுத முடியாது.

நேரே மேடை

டு ப்ரே 1961-இல், பதினாறு வயதில், லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேறினார். மறுவருடம் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் எல்கரின் கான்செர்ட்டோ. 1965-இல் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் பார்பிரோலியோடு அதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது இருபது. இந்த வரிசையைப் படிக்கும் எந்தப் பெற்றோருக்கும் மனம் துள்ளும். ஆனால் அரங்கேற்றத்துக்கும் பதிவுக்கும் நடுவில் அவர் பாரிஸுக்குப் போய்ப் படித்தார் என்பதும், அந்தப் பதிவுக்கு மறுவருடம் மாஸ்கோவுக்குப் போய் மறுபடி மாணவியாக உட்கார்ந்தார் என்பதும் அதே வாழ்க்கைக் கதையில்தான் இருக்கிறது.

இன்றைய காலத்து உதாரணம் பிரிட்டிஷ் செல்லோ கலைஞர் ஷேக்கு கன்னே-மேசன். நாட்டிங்காமில் சாதாரண அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் லண்டன் ராயல் அகாடமி இசைக் கல்லூரியின் இளையோர் வகுப்புக்குப் போய் வந்தவர். 2016-இல் பிபிசியின் இளம் இசைக்கலைஞர் போட்டியில் ஷோஸ்டகோவிச்சின் முதல் கான்செர்ட்டோவை வாசித்து வென்றார். 2018-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணத்தில் வாசித்ததை உலகமே பார்த்தது. அவர் அப்போது ராயல் அகாடமியில் ஹன்னா ராபர்ட்ஸிடம் மாணவர். புகழ் வந்தபின்னும் அவர் படிப்பை விட்டுவிடவில்லை. மேடைக்கு நேரே போனவர்கள் என்று நாம் சொல்பவர்களை அருகில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் மேடையையும் வகுப்பையும் சேர்த்தே சுமந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

சின்ன வயதில் நிறைய மேடை ஏறுவதில் லாபம் இல்லாமல் இல்லை. பெரிய அரங்கில் ஒலியை எப்படிக் கடைசி வரிசைவரை அனுப்புவது, தந்தி அறுந்தால் என்ன செய்வது, நடத்துநர் வேகத்தைக் கூட்டினால் எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் சாதக அறையில் வராது. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. செல்லோவுக்கு எழுதப்பட்ட கான்செர்ட்டோக்கள் பியானோ, வயலின் அளவுக்கு இல்லை. மொசார்ட்டிடமிருந்து ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. பீத்தோவன் செல்லோவைப் பியானோவோடும் வயலினோடும் சேர்த்து ஒரு மும்மைக் கான்செர்ட்டோவில் நிறுத்திவிட்டார், பிராம்ஸ் வயலினோடு சேர்த்து இரட்டையில் நிறுத்திவிட்டார். இன்று எல்லாரும் வாசிக்கும் ஹைடனின் சி மேஜர்கூட 1961-இல்தான் பிராக் நகரில் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஒரு பருவத்தில் செல்லோ தனிக்கலைஞருக்கு ஒதுக்கும் இரவுகள் குறைவு. அவற்றிலும் எல்கர், டுவோர்ஷாக், சான்-சான்ஸ் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பத்தொன்பது வயதில் எல்கரை மட்டும் இருபது ஊரில் வாசிக்கும் பிள்ளை, லுட்டோஸ்லாவ்ஸ்கியின் கான்செர்ட்டோவை எப்போது கற்கும்? புரோக்கோஃபியெவின் சிம்ஃபனி-கான்செர்ட்டோவை எப்போது தொடும்? பயணப் பையில் புது நோட்டுப் புத்தகம் இருக்கும், பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது.

படிக்கும் வருடங்களில் மாதத்துக்கு இத்தனை கச்சேரிதான் என்று ஒரு வரம்பு போட்டு, ஒப்பந்தம் எழுதும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. மேலாளருக்கு அது பிடிக்காது. இளம் கலைஞரை நீண்ட காலத்துக்கு வளர்க்க நினைக்கும் மேலாளர் ஒத்துக்கொள்வார், மற்றவர் விலகிவிடுவார். இரண்டுமே நல்லதுதான்.

போட்டிகள்

போட்டிகளைத் தனி வழி என்று நான் எண்ணுவதில்லை. மேலே சொன்ன எந்த வழியிலும் வரும் கதவு அது. மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் 1962 முதல் செல்லோ இருக்கிறது. 2019-இல் அங்கே வென்ற ஸ்லாட்டோமிர் ஃபங் அப்போது ஜூலியார்டு மாணவர். அவருக்கு முன் அங்கே செல்லோவில் முதல் பரிசு பெற்ற அமெரிக்கர் 1978-இல் வென்ற நத்தானியல் ரோசன். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022-இல், உலக இசைப் போட்டிகளின் கூட்டமைப்பு சாய்கோவ்ஸ்கி போட்டியை வெளியேற்றிவிட்டது. ஆகவே இன்றைக்கு அதன் எடை பழைய எடை இல்லை. பிரஸ்ஸல்ஸின் குயீன் எலிசபெத் போட்டி 2017-இல்தான் செல்லோவைச் சேர்த்தது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்களை ஒரு வாரம் வெளித்தொடர்பில்லாமல் வைத்து, யாரும் இதுவரை கேட்டிராத புது உருப்படி ஒன்றைக் கையில் கொடுத்து, தானே கற்று வாசி என்கிறார்கள். ஒரு கலைஞரை அளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

போட்டிக்குப் போகலாமா என்று கேட்டால், அதன் உருப்படிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். போட்டியே இல்லாவிட்டாலும் அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் கற்க நினைத்தவை அதில் பாதிக்கு மேல் இருந்தால் போகலாம். தோற்றாலும் பட்டியல் கையில் நிற்கும். வருடத்துக்கு ஐந்தாறு போட்டி என்று ஓடுபவர்கள் ஒரே நான்கு உருப்படிகளைப் பளபளப்பாக்கிக்கொண்டே இருப்பார்கள். நடுவர்கள் யாரும் ஆட்சேபிக்காதபடி வாசிக்கப் பழகிய கை, பிறகு துணிந்து ஒன்றைச் செய்யத் தயங்கும். அது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் தோல்வியா?

இந்த எண்ணத்தை இளம் செல்லோ மாணவர்களின் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தனிக்கலைஞராக முடியாதவர் போகும் இடம் ஆர்க்கெஸ்ட்ரா என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பியாட்டிகோர்ஸ்கி பதின்ம வயதிலேயே மாஸ்கோ போல்ஷாய் அரங்கின் முதல் செல்லோ, அதாவது செல்லோ பிரிவின் தலைவர், பிறகு 1920-களில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் நடத்துநர் ஃபுர்ட்வாங்லரின் கீழ் முதல் செல்லோ. லியோனார்ட் ரோஸ் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் அதே நாற்காலியில் இருந்தவர். யானோஸ் ஸ்டார்க்கர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் சிக்காகோ சிம்ஃபனியிலும் முதல் செல்லோவாக இருந்து, 1958-இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு தலைமுறை முழுவதையும் உருவாக்கினார். லின் ஹாரெல் கிளீவ்லண்ட் ஆர்க்கெஸ்ட்ராவில் நடத்துநர் ஜார்ஜ் ஸெல்லின் கீழ் இருபது வயதில் முதல் நாற்காலிக்கு வந்து, 1971-இல் வெளியேறித் தனிக்கலைஞரானார். ப்ரூக்னரும் மாலரும் ஓபராவும் உள்ளே இருந்து வாசித்த காது, கான்செர்ட்டோ வாசிக்கும்போது பின்னால் ஓபோ என்னும் ஊதுகருவி என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே வாசிக்கும். அந்த வித்தியாசம் அரங்கில் தெரியும்.

அதே சமயம் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் பெற வாசித்துக் காட்டும் தேர்வான ஆடிஷன் தனிக் கலை. கான்செர்ட்டோ நன்றாக வாசிப்பவர் அங்கே முதல் சுற்றிலேயே வெளியேறுவது சாதாரணம். பல இடங்களில் முதல் சுற்று திரைக்குப் பின்னால் நடக்கும். ஹைடன் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் கொஞ்சம் கேட்பார்கள். பிறகு பீத்தோவன் ஐந்தாம் சிம்ஃபனியின் இரண்டாம் பகுதி, பிராம்ஸ் இரண்டாம் சிம்ஃபனியின் மெதுவான பகுதி, மெண்டல்சோனின் மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம் ஸ்கெர்ட்ஸோ, ஸ்ட்ராஸின் டான் ஹுவான், டெபுஸியின் லா மேர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். தாளம் ஒரு இழை பிசகினால் போதும். மெண்டல்சோனில் வில் தந்தியில் துள்ளும் விதம், பீத்தோவனில் புள்ளி வைத்த சுரங்களின் சரியான நீளம், டான் ஹுவானில் சுருதி: இவற்றைத்தான் கேட்கிறார்கள். உணர்ச்சியைக் கொட்டி இதை ஈடுகட்ட முடியாது.

கன்சர்வேட்டரியில் இருக்கும்போதே இதைப் பழகுவது சுலபம், பல்கலைக்கழகத்தில் இருந்தால் தானே தேட வேண்டும், மேடையிலேயே வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் இது வரவே வராது. மூன்று வழிகளையும் எடைபோடும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. இளையோர் ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒரு கோடைக்காலமாவது உட்கார்ந்து பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவும் குஸ்தாவ் மாலர் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவும் அப்படிப்பட்டவை. படிப்பு முடியும் தறுவாயில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கரயான் அகாடமி போன்ற இடங்கள் இருக்கின்றன. 1972-இல் தொடங்கியது அது. உதவித்தொகையும் கொடுத்து, குழு உறுப்பினர்களிடம் பாடமும் கொடுத்து, கச்சேரிகளில் கூடவே உட்காரவும் வைப்பார்கள். மாதச் சம்பளம், சக கலைஞர்கள், வருடம் முழுக்கப் பெரிய இசை. இதில் தாழ்வு எங்கே இருக்கிறது?

நால்வர் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செல்லோவுக்கு எழுதப்பட்ட மிக உயர்ந்த இசையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பீத்தோவனின் ஒபஸ் 59-இல் முதல் குவார்டெட், அதாவது நால்வருக்கான உருப்படி, செல்லோ மெட்டோடுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதை யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. சரியான மூன்று பேர் அமைய வேண்டும், வருடக்கணக்கில் தினம் ஒரே அறையில் உட்காரச் சகிப்பு வேண்டும், வருமானத்தை நான்காகப் பிரிக்க வேண்டும். அந்த மூன்று பேர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள இடம் எது என்று கேட்டால், மறுபடியும் கன்சர்வேட்டரி.

கருவிச் செலவை எல்லா வழியிலும் கணக்கில் வைக்க வேண்டும். தொழில்முறைக்கு ஏற்ற செல்லோவும் வில்லும் சேர்ந்தால் ஒரு படிப்பின் செலவைத் தாண்டும். விமானத்தில் செல்லோவுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். ஆடிஷனுக்கு, போட்டிக்கு என்று ஒவ்வொரு பயணமும் இரட்டைச் செலவு. கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் நல்ல கருவிகளைக் கடனாகக் கொடுக்கின்றன. ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது அதையும் விசாரிக்க வேண்டும். கட்டணச் சலுகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான்கு வருடத்துக்கு நல்ல கருவி கொடுக்கும் இடம் சில சமயம் லாபமாக முடியும். நல்ல செல்லோ கைக்கு வந்ததும், அதுவரை வராத ஒலிக்காகக் கை தானே தேடத் தொடங்கும்.

எனக்கு எது சரியாகப் படுகிறது?

கைத்திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், இசையைத் தவிர வேறெதிலும் மனம் ஓடாத பதினெட்டு வயதுக்கு: கடன் அதிகம் தேவைப்படாத ஒரு கன்சர்வேட்டரி, வருடம் முழுக்க ஊரில் இருக்கும் ஆசிரியர், மாதத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போகாத கச்சேரிகள். பெரும்பாலான மாணவர்கள் இந்த வகைதான். கை அமைந்துவிட்டது, வேறு பாடத்திலும் ஆழ்ந்த ஆசை இருக்கிறது என்றால் பல்கலைக்கழகம், ஆனால் நல்ல ஆசிரியர் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் செல்லோவைப் பொறுத்தவரை பயனில்லை. பெரிய போட்டியில் வென்று அழைப்புகள் குவியும் அபூர்வமான பிள்ளைக்கு மேடையும் வகுப்பும் சேர்ந்தே இருக்கட்டும்.

முடிவெடுக்க முடியவில்லையா? ஒரு வருடம் தள்ளிப்போடலாம், தவறே இல்லை. இப்போதைய ஆசிரியரிடமே தங்கி, பாக் சூட்களில் மீதியைக் கற்று, பியாட்டியின் பன்னிரண்டு கப்ரிச்சிகளை முடித்து, மூன்று நான்கு ஆசிரியர்களிடம் ஒவ்வொரு பாடம் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்தில் ஆடிஷனுக்குப் போகலாம். நுழைவுத் தேர்வுகளில் வழக்கமாகக் கேட்பது பாக் சூட்டில் இரண்டு பகுதிகள், பாப்பரிலோ பியாட்டியிலோ ஒரு பயிற்சி, ஒரு கான்செர்ட்டோவின் முதல் பகுதி. ஆடிஷனுக்கு ஆறு மாதம் முன்பே இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் நாலு பேர் எதிரில் உட்கார, ஒரே மூச்சில் வாசித்துப் பழக வேண்டும். எங்கே விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் இதே மாதிரி உருப்படிகள்தான் வேண்டியிருக்கும் என்பதால், எந்தக் கல்லூரி என்பது முடிவாகும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.